நாள்பட்ட மாசும் நோய் எதிர்ப்பும்: உங்கள் வீட்டுக்கு ஒரு மாசுப் பதிவேடு எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இருமல் மாதக்கணக்கில் இழுத்தாலோ குழந்தைக்கு அடுத்தடுத்துச் சளி பிடித்தாலோ, பலரும் முதலில் ஓடுவது லேப்புக்கு. பெரிய பேக்கேஜாக ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். ‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். அப்புறம் எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவதாகச் சொல்லும் மாத்திரை ஒன்றை வாங்குவார்கள். இருமல் அப்படியேதான் இருக்கும்.

எந்த மாசு, எந்த வழியாக, எத்தனை வருடமாக உடம்புக்குள் போகிறது என்று தெரியாமல் எடுக்கிற பரிசோதனை பெரும்பாலும் வீண். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்த லேப் டெஸ்ட், எந்த நாளில் எடுப்பது என்பதே தெரியும். அதனால் இந்த வழிகாட்டி, அதையெல்லாம் எழுதிவைக்கும் மாசுப் பதிவேட்டில் தொடங்குகிறது. என் வீட்டுக்கு முதலில் எழுதினேன். பிறகு தெரிந்தவர்கள் பலர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சல், ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, ஆன்டிபயாடிக் எடுத்தும் அடங்காத தொற்று: இவற்றில் ஒன்று இருந்தாலும் பதிவேட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் மருத்துவரிடம் போங்கள், பதிவேட்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

1. மாசு எதிர்ப்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாப் படியும் குழம்பும். எதிர்ப்புச் சக்தியை மொபைல் பேட்டரி மாதிரி நினைக்கிறோம்: குறைந்தால் ஏற்றிவிடலாம் என்று. மாசு பட்ட உடம்பில் நடப்பது வேறு. மூன்று விதமான கோளாறு வரலாம்.

முதலாவது, காவல் தளர்வது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய இழைகள் இடைவிடாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அந்த அசைவை மந்தமாக்குகிறது. அதையும் தாண்டி நுரையீரலின் காற்றறைக்குள் நுழைந்ததை விழுங்கி அழிப்பது மேக்ரோபேஜ் என்ற செல். அது கிருமியையும் விழுங்கும், கரித்துகளையும் விழுங்கும். ஆனால் கரியைச் செரிக்க அதனால் முடியாது.

2022-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைக் கண்ணால் பார்க்க வைத்தது. உறுப்பு தானம் செய்த 84 பேரின், எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர் முடிச்சுகளைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வயது கூடக் கூட நுரையீரலை ஒட்டிய முடிச்சுகள் கறுத்துக்கொண்டே போயிருந்தன. அதே மனிதர்களின் குடலை ஒட்டிய முடிச்சுகளில் அந்தக் கறுப்பு இல்லை. கரி நிறைந்த மேக்ரோபேஜ்களின் விழுங்கும் திறனும், மற்ற செல்களுக்கு ஆபத்தை அறிவிக்கும் திறனும் குறைந்திருந்தன. வயதானவர்களுக்கு நுரையீரல் தொற்று ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்ற கேள்விக்கு இது ஒரு பகுதி விடை.

இரண்டாவது, அடங்காத அழற்சி. புகையும் வாகனக் கழிவும் தினமும் மூச்சுக்குழாயை உரசினால், எதிர்ப்புச் செல்கள் ஓய்வில்லாமல் அழற்சி வேதிகளைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆஸ்துமா கிளறுவதும் அலர்ஜி கூடுவதும் இப்படித்தான். அந்த அழற்சி ரத்தத்தில் கலந்து இதயத்தையும் ரத்தக்குழாயையும் தொடுகிறது. காற்று மாசு என்றதும் நுரையீரலை மட்டும் நினைக்கிறோம். மாரடைப்பும் பக்கவாதமும் அதே கணக்கில்தான் சேரும்.

மூன்றாவது, சொந்த உடம்பையே எதிரியாக நினைப்பது. கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற பொருளின் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களிடம் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகும் ஸ்கிளெரோடெர்மா போன்ற நோய்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. புகைபிடிப்பதற்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பும் நன்றாக நிரூபிக்கப்பட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது வகைக் கோளாறு உள்ளவருக்கு ‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றுகிறேன்’ என்று எதையாவது கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது? ஏற்கெனவே மிகையாக எரிவதை இன்னும் ஊதிவிடுவதா? மாசின் மூலத்தை நிறுத்துவதுதான் மூன்று வகைக்கும் பொதுவான மருந்து. இந்த வழிகாட்டி முழுக்க அதை நோக்கித்தான் போகிறது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு, பழைய மருத்துவச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, வேலை பார்த்த இடங்களும் வருடங்களும். வேலையில் ரசாயனம் புழங்கினால் அந்த டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை ரசாயனம் என்றால் அதற்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்று இருக்கும், கேட்டால் தரவேண்டும்.

வீட்டின் மூத்தவர் ஒருவர் உடன் இருப்பது மிகவும் உதவும். குழந்தையாக இருந்தபோது எந்த வீட்டில் இருந்தோம், பக்கத்தில் என்ன பட்டறை ஓடியது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தோம் என்பதெல்லாம் நமக்கு நினைவிருக்காது.

கருவி எதையும் இப்போது வாங்காதீர்கள். அது ஐந்தாம் படியில்தான் தேவைப்படும். முதலிலேயே வாங்கியவர்கள் அதன் எண்ணையே பார்த்துக்கொண்டு நோட்டை மறந்துவிடுகிறார்கள்.

3. வாழ்க்கைக் காலக்கோடு: பிறப்பிலிருந்து இன்று வரை

நோட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு வருடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு காலத்துக்கும் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எங்கே வசித்தேன், என்ன வேலை, என்ன தண்ணீர், வீட்டில் என்ன எரிந்தது. ‘எரிந்தது’ என்றால் விறகு, கரி, மண்ணெண்ணெய், சிகரெட், கொசுவத்தி, குப்பை எல்லாம் சேரும்.

இன்றைய நிலையை மட்டும் எழுதுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சில மாசுகள் உடம்பை விட்டுப் போக வருடங்கள் ஆகும். ஈயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஆனால் எலும்பில் படிந்த ஈயம் பத்தாண்டுக் கணக்கில் தங்கும், கர்ப்பத்திலும் முதுமையிலும் எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்துக்கு வரும். காட்மியம் என்ற உலோகம் சிறுநீரகத்தில் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் இழையைச் சுவாசித்தவருக்கு நோய் தெரிய இருபது, நாற்பது வருடம்கூட ஆகலாம். இருபது வயதில் ஆறு மாதம் பார்த்த ஒரு வேலைக்கும் காலக்கோட்டில் ஒரு வரி வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

கருவில் இருந்த காலத்தையும் முதல் சில வருடங்களையும் தனி நிறத்தில் குறியுங்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் பாடம் படிக்கிறது. டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி சிறுவயதில்தான் முழு வேகத்தில் இயங்கும். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது, அதிகத் தண்ணீர் குடிக்கிறது. தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கவும் செய்கிறது. ஒரே வீட்டில் ஒரே மாசு இருந்தாலும் அப்பாவுக்கும் குழந்தைக்கும் போகும் அளவு ஒன்றில்லை.

4. ஒரு வார நாட்குறிப்பு

காலக்கோடு முடிந்ததும், ஏழு நாள், மணிக்கு மணி. எங்கே இருந்தேன், சுற்றி என்ன ஓடியது, உடம்பு எப்படி இருந்தது. மூன்று நெடுவரிசை போதும். ஓய்வு நாள் கட்டாயம் அதில் வரவேண்டும். வேலை நாளில் இருமலும் ஓய்வு நாளில் நிம்மதியும் என்றால் மூலம் வேலையிடத்தில். ஓய்வு நாளில்தான் கூடுகிறது என்றால் வீட்டுக்குள்.

ராத்திரியை விட்டுவிடாதீர்கள். பலர் தூங்கப்போன நேரத்தோடு அன்றைய பக்கத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு படுக்கையறைக் காற்றில்தான் கழிகிறது. ஜன்னல் மூடியிருந்ததா, என்ன எரிந்தது? ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதை மூடிய அறையில் குழந்தையின் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, சாலைப் புகைதான் காரணம் என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது குறை இல்லை. சாலைப் புகை கண்ணுக்குத் தெரிகிறது, தூங்கும்போது வருவது தெரிவதில்லை.

வேலையிலிருந்து வீட்டுக்கு வருவதையும் எழுதுங்கள். கல் அறுக்கும் வேலை பார்த்த ஒருவருடைய நாட்குறிப்பை ஒருமுறை சேர்ந்து எழுதினோம். வேலையிடத்தில் மாஸ்க் போடுகிறார், வீட்டில் புகை இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாலை ஆறு மணி வரியில் ‘வந்ததும் குழந்தையைத் தூக்குவேன்’ என்று எழுதினார். சட்டையைக் கழற்றி, பையைப் புரட்டி, ஒரு கறுப்புத் துணியின் மேல் தட்டச் சொன்னேன். மாவு சலித்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம் விழுந்தது. கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அன்றிலிருந்து வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றிவிட்டு வருகிறார். ஈயம், பூச்சிமருந்து, ஆஸ்பெஸ்டாஸ் புழங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்: துணி வழியாக, செருப்பு வழியாக, வண்டி இருக்கை வழியாக வீட்டுக்கு வந்துவிடும்.

5. அளந்து பாருங்கள்: காற்றும் தண்ணீரும்

நாட்குறிப்பு இரண்டு மூன்று இடங்களைச் சுட்டிக்காட்டியிருக்கும். அங்கே மட்டும் அளந்தால் போதும்.

காற்றுக்கு, பிஎம் 2.5 காட்டும் சிறிய லேசர் சென்சார் போதுமானது. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள், தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கும் தொண்டையும் பிடிக்காமல் காற்றறை வரை போவது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய அளவின்படி, கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமையும் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது.

இங்கே மூன்று தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, ஏக்யூஐ எண்ணையும் மைக்ரோகிராம் எண்ணையும் ஒன்றாக நினைப்பது. ஏக்யூஐ ஒரு தரக்குறியீடு, அதில் 100 என்றால் 100 மைக்ரோகிராம் என்று பொருள் இல்லை. இரண்டு, தாளிக்கும்போது வந்த ஒரு நிமிட எண்ணை ஆண்டு அளவோடு ஒப்பிட்டுப் பதறுவது. நிமிட எண் மூலத்தைக் கண்டுபிடிக்கத்தான், உடல்நலக் கணக்குக்குச் சராசரி வேண்டும். மூன்று, பனிமூட்டத்திலும் ஈரக்காற்றிலும் வரும் எண்ணை அப்படியே நம்புவது. நீர்த்துளியையும் இந்த சென்சார்கள் துகள் என்று எண்ணிவிடும்.

சென்சாரை ஜன்னலுக்கு வெளியே ஒரு வாரம், சமையலறையில் ஒரு வாரம், தலையணை உயரத்தில் ஒரு வாரம் வையுங்கள். வெளிக்காற்று எந்த மணியில் மோசம் என்பது இதில் தெரியும். காற்று அசையாத குளிர்காலத்தில் புகை தரையை ஒட்டியே தங்கும், அதிகாலையில் எண் உச்சத்தில் இருக்கலாம். அந்த நேரத்தில் நல்ல காற்று என்று நம்பி ஜன்னலை விரியத் திறப்பதும் ஓடப்போவதும் நடக்கிறது. உங்கள் சென்சார் சொல்வதைப் பாருங்கள், பழக்கம் சொல்வதை அப்புறம் பார்க்கலாம்.

தண்ணீருக்கு லேப்தான். ஈயத்தைத் தேடினால், இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரின் முதல் பிடியை எடுக்க வேண்டும், ஏனென்றால் அது குழாயிலிருந்து கரைந்து வருகிறது. ஆர்சனிக் என்ற நச்சைத் தேடினால் நேர்மாறு: பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிலத்தடியிலிருந்து புதிதாக வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பாட்டில் பிடித்தால் இரண்டுக்கும் தவறான விடை வரும். ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்பது உயிருக்கே உலைவைக்கும் நம்பிக்கை. கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் செறிவு கூடவும் செய்யும்.

6. பிஎஃப்ஏஎஸ்: தனியாக ஒரு வார்த்தை

ஒட்டாத பூச்சு, தண்ணீர் ஒட்டாத துணி, சில வகை உணவுப் பொதி, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் பயன்பட்ட ரசாயனக் குடும்பம் இது. எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசும்போது இதற்குத் தனி இடம் தருகிறேன், காரணம் சான்று அவ்வளவு நேரடியானது. டென்மார்க்கின் ஃபரோ தீவுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2012-ல் வெளியானது. 5 வயதில் ரத்தத்தில் இந்த ரசாயனங்களின் அளவு இரு மடங்காக இருந்தால், 7 வயதில் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஊசி போட்டாயிற்று, ஆனால் உடம்பு அதைப் போதுமான அளவு நினைவில் வைக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் இந்தத் தடுப்பூசி விளைவை அடிப்படையாக வைத்தே வார வரம்பை நிர்ணயித்தது: நான்கு பிஎஃப்ஏஎஸ் சேர்த்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.4 நானோகிராம்.

இதைப் படித்ததும் தாய்ப்பாலை நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். பிஎஃப்ஏஎஸ் தாய்ப்பால் வழியாகவும் போகிறது என்பது உண்மைதான். ஆனால் தாய்ப்பால் தரும் பாதுகாப்பு பெரிது, அதனால்தான் மருத்துவ அமைப்புகள் தொடரச் சொல்கின்றன. தாய் குடிக்கும் தண்ணீரைச் சரிசெய்வதுதான் இங்கே செய்யக்கூடிய வேலை. ஆர்ஓ பில்டரும், நேரத்துக்கு மாற்றப்படும் ஆக்டிவேட்டட் கார்பன் பில்டரும் இதற்கு உதவும்.

7. இப்போது மருத்துவரிடம்

நோட்டை அப்படியே நீட்டாதீர்கள். பத்து நிமிடத்தில் யாராலும் நாற்பது பக்கம் படிக்க முடியாது. ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள்: எந்த மாசு, எத்தனை வருடம், எந்த வழி, எந்த அறிகுறி, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது. தொழில் சார்ந்தது என்றால் தொழில்சார் நோய் மருத்துவரும், மூச்சு என்றால் நுரையீரல் மருத்துவரும் நல்லது. ‘என்னென்ன டெஸ்ட் எடுக்கலாம்’ என்று கேட்பதைவிட ‘இந்த வேலையை இத்தனை வருடம் பார்த்தேன், எதைத் தேட வேண்டும்’ என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. ஈயத்துக்குக் கையின் ரத்தக்குழாயில் எடுத்த ரத்தம். விரல் நுனியில் எடுத்ததில் அளவு கூடத் தெரிந்தால், தோலில் இருந்த தூசியாகவும் இருக்கலாம், மறுபடி ரத்தக்குழாயில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் குழந்தைகளுக்கான குறிப்பு அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை.

ஆர்சனிக்குக்குச் சிறுநீர். கடந்த சில நாட்களில் உள்ளே போனதைத்தான் அது காட்டும். எடுப்பதற்கு முந்தைய சில நாட்கள் மீனும் மற்றக் கடல் உணவும் வேண்டாம். அவற்றில் உள்ள ஆர்சனிக் வேறு வடிவம், ஏறக்குறைய தீங்கற்றது, ஆனால் மொத்த எண்ணை ஏற்றிவிடும். இந்த ஒன்றைச் சொல்லாததால் வாரக்கணக்கில் பயந்துபோய் இருந்தவர்களைத் தெரியும். காட்மியத்துக்குச் சிறுநீர் நீண்டகாலச் சேர்க்கையையும் ரத்தம் அண்மைக் காலத்தையும் காட்டும். பாதரசத்தில், மீன் வழியாக வருவதற்கு ரத்தம், ஆவியாகச் சுவாசித்ததற்குச் சிறுநீர்.

நுண்துகளுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அதன் விளைவைத்தான் பார்க்கலாம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை, நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று சொல்லும். சிலிக்கா தூசியில் வேலை பார்த்தவர்கள் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சிலிக்கா நுரையீரலின் மேக்ரோபேஜ்களையே கொல்வதால் காசநோய்க்குக் கதவு திறந்துவிடும்.

எதிர்ப்பு மண்டலத்துக்கென்று ஒரே டெஸ்ட் இல்லை. வெள்ளையணு வகைப்பிரிப்போடு கூடிய முழு ரத்த எண்ணிக்கை, அலர்ஜி சந்தேகம் என்றால் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி வகை, தொற்று திரும்பத் திரும்ப வந்தால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் வகைகள், சில சமயம் தடுப்பூசிக்கான ஆன்டிபாடி அளவு. எது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பென்சீன் கலந்த கரைப்பான்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் முழு ரத்த எண்ணிக்கை குறிப்பிட்ட இடைவெளியில் தேவை, ஏனென்றால் பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்.

பணத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தை. முடியை வெட்டி அனுப்பினால் உடம்பில் உள்ள அத்தனை நச்சையும் பட்டியல் போடுகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். மீன் வழியாக வரும் பாதரசத்துக்கு முடிச் சோதனை பயன்படும், மற்றதற்கெல்லாம் நீட்ட முடியாது. உலோகத்தைப் பிடித்திழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதித்து ‘பாருங்கள், எவ்வளவு நச்சு’ என்று காட்டுவது இன்னும் மோசம். அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் எண் ஏறத்தான் செய்யும். தேவையில்லாதவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

8. குறைப்பது: வரிசை மாறக் கூடாது

முதலில் மூலம். அப்புறம் காற்றோட்டம். அப்புறம் பில்டர். கடைசியில் மாஸ்க். தலைகீழாகத் தொடங்குபவர்கள்தான் அதிகம், ஏனென்றால் மாஸ்க்கை இன்றே வாங்கிவிடலாம், மூலத்தை நிறுத்தப் பேச வேண்டும், மாற்ற வேண்டும், சில சமயம் சண்டைகூடப் போட வேண்டும். ஆனால் எரிகிற புகையை அணைக்காமல் அதே அறையில் ப்யூரிஃபயரை ஓடவிடுவது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பது போலத்தான்.

மூலம் என்றால்: வீட்டுக்குள் புகைபிடிப்பதை முழுக்க நிறுத்துவது, கொசுவத்திக்குப் பதில் வலை, புகையும் அடுப்புக்குப் பதில் எரிவாயு அல்லது மின் அடுப்பு, குப்பையை எரிக்காமல் இருப்பது. கல், சிமெண்ட் அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டு அறுப்பது. பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடையாமல் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு.

இது எதற்கும் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே தொடங்கலாம்.

வீட்டைச் சுத்தம் செய்யும் முறையும் மூலத்தில் சேரும். உலர்ந்த துடைப்பம் படிந்த தூசியை மறுபடி காற்றில் ஏற்றிவிடும். ஈரத்துணியால் துடையுங்கள், அதிலும் குழந்தை தவழும் இடத்தையும் ஜன்னல் விளிம்பையும் முதலில்.

காற்றோட்டத்துக்கு ஐந்தாம் படியில் கண்டுபிடித்த நல்ல மணிநேரம் உதவும். சமைக்கும்போது வெளியேற்றும் விசிறியைத் தொடக்கத்திலேயே போடுங்கள், புகை தெரிந்த பிறகு போடுவது தாமதம். பரபரப்பான சாலையை ஒட்டி வீடு என்றால் சாலைப் பக்கம் இல்லாத அறையைப் படுக்கையறையாக மாற்றுவது செலவில்லாத நல்ல காரியம். வாகனத் துகள் சாலையை விட்டு விலகும்போது சில நூறு மீட்டருக்குள் வேகமாகக் குறைந்துவிடும்.

ப்யூரிஃபயர் வாங்கினால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா பில்டர் உள்ளதாக இருக்கட்டும். அறையின் அளவுக்குக் கணக்குப் போடுங்கள். 12 சதுர மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் 36 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டும் என்றால் 180 கனமீட்டர் சுத்தக் காற்றை அது தரவேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கானது. இரவில் சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில்தான் ஓடவிடுவீர்கள், அதனால் ஒரு அளவு பெரியதாகவே எடுங்கள். ஓசோனை உருவாக்கும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும், அதுவே ஒரு மாசு.

மாஸ்க்கில் என்95 தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. பெயிண்ட் ஆவிக்கும் கரைப்பானுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். எந்த மாஸ்க்கானாலும் ஓரத்தில் காற்று கசிந்தால் பயன் போய்விடும். தாடி இருந்தால் ஒட்டாது. துணி மாஸ்க் நுண்துகளுக்குப் போதாது.

9. உடம்பின் பக்கம் செய்ய வேண்டியது

மூலத்தைக் குறைத்த பிறகு இது. தடுப்பூசிகளை விடாமல் போடுங்கள். மாசால் ஆன்டிபாடி குறையலாம் என்றால் அது ஊசியை விடுவதற்குக் காரணம் ஆகாது, ஒரு தவணையும் தவறாமல் போடுவதற்குக் காரணம். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஃப்ளூ, நிமோனியா ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டும். குழந்தைக்கு இரும்பு, கால்சியம் குறைவாக இருந்தால் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும், அதனால் ரத்தசோகை இருந்தால் சரிசெய்யுங்கள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை எழுதிக்கொடுத்திருந்தால் நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தாதீர்கள்.

நச்சை வெளியேற்றும் பானம், பொடி, வியர்வைச் சிகிச்சை என்று விற்பதைத் தள்ளிவையுங்கள். அப்படி விற்கப்படும் சில பொடிகளிலேயே ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

10. மறுபடி பார்க்கும் நாள்

மாற்றத்தைச் செய்த தேதியை நோட்டில் பெரிதாக எழுதுங்கள். பலர் ஒரே வாரத்தில் ஐந்து மாற்றம் செய்கிறார்கள், எது பலன் தந்தது என்று பிறகு தெரிவதில்லை. மாசின் மூலத்தை மட்டும் உடனே நிறுத்துங்கள். மற்றவற்றை இரண்டு வார இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செய்து, நாட்குறிப்பைத் தொடருங்கள்.

எவ்வளவு காலத்தில் பலன் தெரியும் என்பது மாசைப் பொறுத்தது. எரிச்சலும் இருமலும் சில வாரங்களில் தணியத் தொடங்கலாம். ஆர்சனிக் தண்ணீரை மாற்றினால் சிறுநீரின் அளவு சில நாட்களிலேயே இறங்கும், ஆனால் பழைய வருடங்களின் பாதிப்புக்குத் தொடர்ந்து தோலையும் சிறுநீர்ப்பையையும் நுரையீரலையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். ஈயத்துக்கு மூலத்தை நிறுத்தி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம், அளவு மிக அதிகம் என்றால் மருத்துவர் சொல்லும் நாளில் அதற்கும் முன்பே. அளவு இறங்காவிட்டால் இரண்டு காரணம்தான்: எலும்பிலிருந்து வருகிறது, இல்லையென்றால் நாம் கண்டுபிடிக்காத இன்னொரு மூலம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது. அப்போது காலக்கோட்டுப் பக்கத்தைத் திருப்பி, இன்னொரு முறை மூத்தவரோடு உட்காருங்கள்.